சூரியத் தட்டுக்குக் கஞ்சி போட்ட கதை

உதவி செய்கிறவர்களில் இரண்டு ரகம். கேட்டால் செய்கிறவர்கள் ஒரு ரகம். இவர்களால் யாருக்கும் கெடுதல் வராது. கேட்காமலே செய்கிறவர்கள் இன்னொரு ரகம். ஊரில் நடக்கிற பாதிச் சேதாரத்துக்கு இவர்கள்தான் காரணம். நான் இந்த இரண்டாவது ரகத்தில் சாயம் போகாத கெட்டி நூல்.

திருத்தணியில் தறி நெய்து பிழைத்தவன் நான். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் என்று சிலரைச் சொல்வார்கள். நான் அப்படியில்லை, ஒதுங்கியிருக்கிறேன். மழை விட்டதும் வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் பஸ் ஸ்டாண்டில் கற்றது. திருப்பதி பஸ்ஸில் தெலுங்கு, மெட்ராஸ் பஸ்ஸில் தமிழ். அப்படி எழுத்துக்கூட்டிப் பழகியதால் இன்றைக்கும் எதையாவது முழுதாகப் படித்து முடித்தால் டிக்கெட் எடுக்க வேண்டும் போலிருக்கும்.

என் மனைவி நாகம்மா நகரிக்காரி. அவள் பிறந்த வீட்டில் நூல் கடை. எல்லோரும் படித்தவர்கள். என்னைப் பற்றி யார் கேட்டாலும் மாமனார், "மாப்பிள நல்ல மனுசன்" என்பார். அதோடு நிறுத்திக்கொண்டு மோர் கேட்பார். ஒருத்தரை நல்லவர் என்று சொல்லிவிட்டு மேலே ஒன்றும் சொல்லாமல் மோர் கேட்கிறார்கள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். (நாகம்மாவிடம் கேட்டால், "எங்க நைனாவுக்கு மோர்னா உசுரு" என்பாள்.) எப்படியாவது அந்த வீட்டுக்கு ஒரு பெரிய உதவி செய்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு புழு நெளிந்துகொண்டே இருந்தது.

அந்தப் புழுவுக்குத் தீனி போட வந்தவன்தான் சேகர். நாகம்மாவின் தம்பி. மெட்ராஸில் ஒரு காலேஜில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். எண்பதுகளின் தொடக்கம் அது. கத்திரி வெயில் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ரயிலில் வந்து இறங்கினான். கையில் கம்பளி சுற்றிய ஒரு பெரிய சட்டம். கண்ணாடி போட்ட வேங்கடாசலபதி படம் என்று நினைத்து நாகம்மா வாசலிலேயே கற்பூரம் ஏற்றிவிட்டாள். கம்பளியைப் பிரித்தால் சாமி இல்லை. கருநீலத்தில் வட்ட வட்டமாக அப்பளங்களை அடுக்கிக் கண்ணாடி போட்ட மாதிரி ஒரு தட்டு.

"இன்னாடா இது?"

"வெயில கரண்டா மாத்துற தட்டுக்கா."

ஏற்றிய கற்பூரத்தை வீணாக்கக் கூடாது என்று நாகம்மா அதற்கும் ஒரு சுற்று காட்டிவிட்டுப் போனாள்.

மெட்ராஸ் காலேஜ் மாடியில் மரத்து நிழல் விழுகிறதாம். எங்கள் மொட்டை மாடியில் வெயிலுக்குக் குறுக்கே ஒன்றுமில்லை. மலை இருக்கிறது, ஆனால் அதன் நிழல் சாயங்காலம்தான் எங்கள் தெருவுக்கு வரும். மற்ற நேரமெல்லாம் சூரியனுக்கும் எங்கள் வீட்டுக்கும் நேரடி உறவு. நான் சாயம் தோய்த்த நூலைக் கொடியில் உலர்த்துகிற இடத்துக்குப் பக்கத்திலேயே தட்டைச் சாய்த்துக் கட்டினான் சேகர். மீட்டர் வைத்தான். வெயிலை அளக்கிற ஒரு குட்டிக் கருவி வைத்தான். நிழலில் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டான். தட்டின் முதுகில் ஒட்டுகிற தெர்மாமீட்டர் மட்டும் காலேஜிலிருந்து வரவில்லை. பரவாயில்லை, காற்றின் சூட்டை வைத்துத் தட்டின் சூட்டைக் கணக்குப் போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றான். (இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் அட்டகாசம் முழுவதும் இந்தச் சந்துக்குள்தான் புகுந்தது.)

நான் விடவில்லை. இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். படிக்காதவன் கேட்கிறானே என்று அவன் அலட்சியம் செய்யவில்லை. கரித்துண்டு ஒன்றை எடுத்து மாடிக் கைப்பிடிச் சுவரில் படம் போட்டான். அக்கா புருஷனை அவர்கள் வீட்டில் பாவா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இத பாருங்க பாவா. வெயில் பட்டா இது கரண்டு குடுக்கும், இந்த வட்டம் அதான். பக்கத்துல கீதே, அது ஒருவழிக் கதவு. ஒரு பக்கந்தான் தொறக்கும். இது ஒழுகல், கொஞ்சம் கரண்டு வெளிய வராம உள்ளயே ஒழுகிப் பூடும். இது வழியில நெருக்கடி."

"கிருத்திகைக்கு மலைப் படியில கூட்டம் நெருக்குமே, அது மாதிரி."

"ஆங், அதேதான். இதெல்லாம் சேத்து ஒரு கணக்கு எழுதியிருக்கேன். இவ்ளோ வெயில், இவ்ளோ சூடுன்னு நாம சொன்னா, இவ்ளோ கரண்டு, இவ்ளோ வோல்ட்டு வரும்னு அது முன்கூட்டியே சொல்லணும். அப்புறம் மீட்டரப் பாத்தா அதுவே வரணும்."

எனக்குப் புரிந்துவிட்டது. புடவைக்குக் கட்டம் போட்ட தாளில் முதலில் பூ வரைவார்கள். தறியில் அதே பூ விழ வேண்டும். தாளில் மயிலும் தறியில் கோழியும் வந்தால் வரைந்தவன் வேலை போச்சு.

"மீட்டர்ல அது வரலைன்னா?"

"எங்க புரொபசர் மேடம் கத்திரி முடியறதுக்குள்ள இங்க நேர்ல வராங்க. கணக்கும் மீட்டரும் ஒத்துப்போலன்னா இந்த வேலைய மூட்டை கட்டுன்னு சொல்லிட்டாங்க. நைனாவும் இதுதான் கடைசின்னுட்டாரு. அப்புறம் நகரியில கடையில குந்திகினு நூல் நிறுக்கணும்."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் கையிலிருந்த கரி உடைந்துவிட்டது. படத்துக்குக் கீழே அந்தக் கணக்கையும் எழுதினான். சுவர் முழுக்கப் போயிற்று. பிறகு போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னான்.

"வெயில் ஏற ஏற கரண்டு ஏறும் பாவா. ஆனா தட்டு சூடாச்சின்னா வோல்ட் எறங்கும். சூட்டுல அது கொஞ்சம் சோந்து பூடும். ஒண்ணே ஒண்ணு, யாரும் அதத் தொடாதீங்க."

மறுநாள் உச்சிப் பொழுதில் நாகம்மா சேகரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் தம்பிக்குச் சோறு போடுவது சாதாரண விஷயமில்லை. போதும் என்று அவன் கையால் மறைத்தால் விரல் இடுக்கில் போடுவாள். சாப்பிட்டதும் ஃபேனுக்கு அடியில் படுக்கவைத்துவிட்டுத்தான் விடுவாள். நான் அந்த நேரத்தில் நூல் புரட்ட மாடிக்குப் போனேன். தட்டைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

ஒவ்வொரு வட்டத்தின் மேலும் இழை ஓடியிருந்தது. மயிரைவிட மெல்லிய வெள்ளி இழை. இழைக்கு இழை சம இடைவெளி, ஒன்றுகூடப் பிசகவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியான பாவை நான் பார்த்ததில்லை. பாவு என்றால் தறியில் நெடுக்காக ஓடுகிற இழைகள். தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துவோம். பிறகு தறியில் ஏற்றுவோம். கோடையில் இழை முறுகிப் படக் படக்கென்று அறும். அதனால் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்போம். பாவை உச்சி வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறவனைத் தெருவே மதிக்காது. இங்கே என்னடாவென்றால் என் மச்சான் வெள்ளிப் பாவை வெயிலில் போட்டுவிட்டுக் கீழே குறட்டை விடுகிறான். சட்டத்தில் கை வைத்தேன், சுட்டுவிட்டது. சூட்டில் சோர்ந்து போகும் என்று அவனே சொன்னானே.

தொடாதே என்றுதான் சொன்னான். தெளிக்காதே என்று சொல்லவில்லை.

ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் அள்ளித் தெளித்தேன். சுர்ரென்று சத்தம் வந்தது. எனக்கு மனசு குளிர்ந்தது. மறுபடி தெளித்தேன். சேகர் படியேறுகிற சத்தம் கேட்கிறவரை தெளித்துவிட்டு, துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, நூல் புரட்டுகிறவன் மாதிரி நின்றுகொண்டேன். அவனிடம் சொல்லவில்லை. கணக்குப் போடுகிறவனை இதற்கெல்லாம் தொந்தரவு செய்யலாமா? வீட்டு மாப்பிள்ளை எதற்கு இருக்கிறேன்?

அன்றிலிருந்து உச்சிவேளைப் பூஜை மாதிரி ஆகிவிட்டது அது. சொம்பு போய்ப் பக்கெட் வந்தது.

பக்கத்து வீட்டு மாடியில் முனிரத்தினம் என்று ஒருவன் இருந்தான். அவனும் தறிக்காரன்தான். கண் மட்டும் கழுகுக் கண், வாய் அதைவிடப் பெரியது.

"இன்னா வஜ்ரவேலு, தட்டுக்குத் தாகமா?"

"உன் வேலையப் பாருப்பா."

"குடிக்குதா?"

"குடிக்குது, குடிக்குது."

"எதுக்கும் ரெண்டு வெங்காயம் நறுக்கிப் போடு. கூழும் ஊத்து. மாரியாத்தாளுக்கு ஊத்துற மாதிரி."

நான் அவனைச் சட்டை செய்யவில்லை.

சேகருக்குக் காலையில் எடுக்கிற ரீடிங்கெல்லாம் கணக்கோடு அச்சாகப் பொருந்தியது. மத்தியானம் எடுத்தால் மட்டும் வோல்ட் எகிறியது. சூட்டில் இறங்க வேண்டியது இறங்கவே இல்லை. அவன் கணக்கில் ஒழுகலைக் கூட்டிப் பார்த்தான். நெருக்கடியைக் குறைத்துப் பார்த்தான். ஒருவழிக் கதவைக் கழற்றி மாட்டினான். (தாளில்தான்.) ஒன்றும் சரிப்படவில்லை. தாடி வளர்ந்தது. நாகம்மா போடுகிற இரண்டாவது கரண்டிச் சோற்றை மறுத்தான். அவள் அதற்கே பயந்துவிட்டாள்.

நான் ஆறுதல் சொன்னேன். "சேகரு, அதிகமாத்தானே வருது? கொறஞ்சாத்தானே கவலப்படணும்?"

"அதிகமா வந்தாலும் தப்பு தப்புதான் பாவா."

"புடவ ஒரு முழம் நீளமா வந்தா யாரும் கோவிச்சிக்கினு நான் பாத்ததில்ல."

அவன் மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னால் முடிந்தது ஒன்றுதான். மறுநாள் இன்னொரு பக்கெட் சேர்த்து ஊற்றினேன். மறுநாள் வோல்ட் இன்னும் எகிறியது. அவன் முகம் இன்னும் தொங்கியது. நான் மூன்றாவது பக்கெட்டைத் தூக்கினேன். இப்படியே ஒருவரை ஒருவர் ஏற்றிக்கொண்டு போனோம்.

நடுவில் ஒருநாள் கனகம்மாசத்திரத்தில் ஒரு கல்யாணம். நான் மட்டும் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பி வந்தேன். சேகர் குழம்பிப் போய் உட்கார்ந்திருந்தான்.

"இன்னிக்கி மத்தியானம் மட்டும் பழைய கணக்கு சொன்ன மாதிரியே வந்துச்சி பாவா."

"நல்லதுதானே?"

"இத்தன நாள் வந்ததெல்லாம் வேற மாதிரி. இன்னிக்கி ஒருநாள் மட்டும் இப்பிடின்னா, இன்னிக்கி வந்ததுதான் தப்பு."

என்று அந்த ஒரு நல்ல ரீடிங்கை அடித்துவிட்டான். நானும் தலையை ஆட்டினேன். தட்டு அன்று தண்ணீரில்லாமல் தவித்திருக்கும், அதனால்தான் தப்பாகக் காட்டியது என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் அதற்கும் சேர்த்து ஊற்றினேன்.

கடைசியில் அவன் கணக்கின் வாலில் புதிதாக ஒரு துண்டை ஒட்டுப்போட்டான். கிழிந்த வேட்டிக்குப் போடுகிற ஒட்டு மாதிரி. அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயரும் வைத்தான். அந்த ஒட்டோடு போட்டால் மத்தியான ரீடிங்கும் பொருந்திவிட்டது. ஏன் பொருந்துகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனாலும் பல நாளுக்கு அப்புறம் தாடியை எடுத்தான். வெள்ளைப் பேன்ட்டை இஸ்திரி போட்டுவைத்தான். புரொபசரம்மா வருகிற நாளும் குறித்தாயிற்று. என் தண்ணீர்தான் பலித்தது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடந்தேன்.

முனிரத்தினம் சும்மா இருந்தானா? அவர்கள் வருவதற்கு முதல்நாள் சாயங்காலம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"மெட்ராஸ்லர்ந்து பெரிய எடத்து அம்மா வராங்களாம். அன்னிக்கும் வெறுந்தண்ணிதானா? கல்யாணப் பொடவைன்னா கஞ்சி போட மாட்ட?"

கிண்டலுக்குத்தான் சொன்னான். என் மண்டையில் அது வேறு மாதிரி இறங்கியது. ஆமாம், விசேஷத்துக்கு நெய்கிற பாவுக்குக் கஞ்சி போடாமல் யாராவது தறியில் ஏற்றுவார்களா? இழைக்கு விறைப்பும் மினுமினுப்பும் கஞ்சியால்தானே வருகிறது.

மறுநாள் காலையில் சேகர் ஸ்டேஷனுக்குப் போனான். நாகம்மா அடுப்பில் விருந்து வேலையில் மும்முரமாக இருந்தாள். வடித்து வைத்திருந்த கஞ்சியை எடுத்தேன். துணியில் வடிகட்டினேன். உப்பு ஒரு சிட்டிகை. பாவுக்குத் தேய்க்கிற பெரிய பிரஷ்ஷைக் கழுவி எடுத்துக்கொண்டு மாடியேறினேன். ஒரே பக்கமாக, ஒரே அழுத்தத்தில், திட்டுத் திட்டாகத் தேங்காமல் போட்டேன். தெருவில் பெரிய பெரிய கைகள் எல்லாம் கஞ்சி போட்டு நான் பார்த்திருக்கிறேன். அன்று நான் போட்ட மாதிரி யாரும் போட்டதில்லை. தட்டு பளபளவென்று ஈரமாக மின்னியது. இறங்கி வந்து குளித்து, சலவை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வாசலில் நின்றேன்.

புரொபசரம்மா வந்தார்கள். நான் தடியாகக் கண்ணாடி போட்ட பயங்கரமான ஓர் உருவத்தை எதிர்பார்த்தேன். குடை பிடித்துக்கொண்டு ஒல்லியாக, நூல் புடவையில் வந்தார்கள். (புடவையின் நெசவு சுமார்தான். நான் சொல்லவில்லை.) காப்பி குடித்தார்கள். என்னைப் பார்த்து, "நீங்கதான் சேகரோட பாவாவா? உங்க மாடியில எடம் குடுத்தது பெரிய உதவி" என்றார்கள். எனக்குக் காது வரை குளிர்ந்துவிட்டது. இடம் மட்டும்தானா கொடுத்தேன் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

உச்சி வெயிலில் எல்லோரும் மாடிக்குப் போனோம். முதலில் சேகர், அப்புறம் புரொபசரம்மா, அப்புறம் நான், எனக்குப் பின்னால் நாகம்மா.

சேகர் மேல்படியில் நின்றுவிட்டான்.

தட்டின் மேல் மலைக் குரங்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. நகத்தால் கண்ணாடியைச் சுரண்டிச் சுரண்டி விரலை நக்கிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்தும் அவசரப்படவில்லை. மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டு முனிரத்தினம் வீட்டுப் பக்கம் தாவியது.

புரொபசரம்மா குடையை மடக்கினார்கள். "சேகர், உங்க மாடல்ல இதுக்கு ஒரு டெர்ம் போட்டிருக்கீங்களா?"

"இல்ல மேடம்" என்றான் சேகர்.

நான் குரங்கைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தேன். காலையில் பளபளவென்று இருந்த தட்டு, வெயிலில் காய்ந்து பூசணம் பூத்த மாதிரி வெள்ளையாகி இருந்தது. என் பிரஷ் கோடுகள் நெடுக ஓடின. நடுவில் மட்டும் குரங்கு நக்கிய இடம் சுத்தமாக இருந்தது.

சேகர் அதைப் பனி, தூசி என்று என்னவோ நினைத்துக்கொண்டு, பதற்றத்தில் நேராக மீட்டருக்குப் போனான். பார்த்தான். தட்டிப் பார்த்தான். கரண்டு தரையில் கிடந்தது. புதுக் கணக்கு சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய கணக்கு சொன்னதற்கும் சம்பந்தம் இல்லை. அப்போதே நகரிக் கடைத் தராசு அவன் கண்ணுக்கு முன்னால் ஆடியிருக்க வேண்டும்.

அம்மா ஒரு விரலால் கண்ணாடியைத் தடவினார்கள். மோந்து பார்த்தார்கள்.

"இது கஞ்சி வாசனை இல்ல?"

நாகம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "காலைல வடிச்ச கஞ்சிய இன்னாங்க பண்ணீங்க? மாட்டுக்கு ஊத்திட்டீங்கன்னு நெனச்சிகினு இருக்கேன்."

மாடியில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் முனிரத்தினமும் பார்த்தான்.

"கஞ்சிதாங்கம்மா" என்றேன். "இழைக்கு நல்லதுன்னு போட்டேன். நீங்க வரீங்களேன்னுதான்."

"பாவா" என்றான் சேகர். அழுகிறானா கத்துகிறானா என்று தெரியவில்லை.

அவனைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று எனக்கு அவசரம். நான் ஒன்றும் தினமும் இந்தக் காரியம் செய்கிறவன் இல்லை என்று புரியவைக்க வேண்டும். அதனால் சொன்னேன்.

"இன்னிக்கித்தான்டா கஞ்சி. மத்த நாள்லல்லாம் வெறுந்தண்ணிதான்."

கொடியில் தொங்கிய நூல்கூட அசையவில்லை.

"மத்த நாள்ல?" என்றான் சேகர்.

"தெனமுங்கம்மா" என்றான் முனிரத்தினம், அம்மாவைப் பார்த்து, சாட்சி சொல்கிறவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு. "உச்சிவேளைக்குப் பக்கெட்டு பக்கெட்டா ஊத்துவாரு. புள்ள சாப்ட்டு வர்ற வரைக்கும் ஊத்துவாரு. கனகம்மாசத்திரம் கல்யாணத்துக்குப் போனாரே, அன்னிக்கி மட்டுந்தான் தட்டு பட்டினி."

சேகர் என்னைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். கனகம்மாசத்திரம் அவன் மண்டைக்குள் போய்ச் சேர்வதை நான் கண்ணால் பார்த்தேன். அப்படியே பின்னால் நகர்ந்து, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தான். கிடைத்த இடம், நான் காலையில் சிவப்புச் சாயம் தோய்த்துப் பிழிந்து வைத்திருந்த நூல் குவியல். வெள்ளைப் பேன்ட்.

அந்த நேரத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். மொட்டை மாடி பிளந்தால் கீழே அடுப்படிதான் வரும், அங்கேயும் நாகம்மாதான் இருப்பாள் என்பதால் பேசாமல் நின்றேன்.

புரொபசரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மலைப் பக்கம் பார்த்து நின்றார்கள். தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்தேன். திரும்பியபோது கண்ணில் தண்ணீர் நின்றது. சிரித்திருக்கிறார்கள்.

"ஐயா, இதக் கழுவுங்க" என்றார்கள் என்னிடம். "நல்லாக் கழுவுங்க. அப்புறம் யாரும் பக்கத்துல போகக் கூடாது, காயட்டும், சூடாகட்டும். அதுக்குள்ள சாப்பாடு போடறதா சொன்னாங்களே."

சாப்பாடு போட்டோம். வடையும் பாயசமும் யாருக்கு இறங்கியது? அம்மாவுக்கு இறங்கியது. சேகர் இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நாகம்மா எனக்குப் பரிமாறும்போது கரண்டி இலையில் பட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். அம்மா மட்டும் எந்தத் தண்ணீர், தொட்டித் தண்ணீரா கிணற்றுத் தண்ணீரா, கடைசியாக ஊற்றி எவ்வளவு நேரத்தில் இவன் வருவான் என்று என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். போலீஸ் விசாரணை மாதிரித்தான் இருந்தது. ஆனால் நடுவில் நடுவில் ரசம் கேட்டார்கள்.

மறுபடி மாடி. தட்டு நன்றாகக் காய்ந்து கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா பையிலிருந்து முதுகில் ஒட்டுகிற தெர்மாமீட்டரை எடுத்தார்கள். வர வேண்டியது அவர்களோடுதான் வந்திருந்தது. ஒட்டினார்கள்.

"சேகர், உங்க புதுக் கணக்கு வேண்டாம். மொதல்ல எழுதினது எங்க?"

சேகர் கையைக் காட்டினான். கைப்பிடிச் சுவரில் கரியால் எழுதியது அப்படியே இருந்தது. கோடையில் ஒரு மழைகூட வரவில்லையே. (நான் எதற்கெல்லாமோ தண்ணீர் ஊற்றினேன், நல்லவேளை, சுவருக்கு ஊற்றவில்லை.) அம்மா அதைப் பார்த்துக் கால்குலேட்டரைத் தட்டினார்கள். சேகர் மீட்டரைப் படித்தான். இருவரும் ஒரே நேரத்தில் எண்ணைச் சொன்னார்கள். ஒரே எண்.

"இப்ப ஐயா, வழக்கமா எப்படி ஊத்துவீங்களோ அதே மாதிரி ஊத்துங்க."

எத்தனையோ நாள் ஊற்றியவன்தான், அன்றைக்குக் குறி தவறிவிட்டது. எல்லோரும் பார்க்கிறார்கள் அல்லவா. பாதி என் வேட்டியில் ஊற்றிக்கொண்டேன். தட்டு குளிர்ந்தது. துண்டால் ஒற்றினேன். முதுகுத் தெர்மாமீட்டரில் எவ்வளவு காட்டுகிறதோ அதை வைத்து அம்மா மறுபடி தட்டினார்கள். சேகர் மறுபடி படித்தான். வோல்ட் ஏறியிருந்தது. சுவர்க் கணக்கும் அதையேதான் சொன்னது.

சேகர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பேன்ட்டின் பின்பக்கம் சிவப்பு வட்டம் அப்படியே இருந்தது.

"கணக்குல ஒரு தப்பும் இல்ல, சேகர்" என்றார்கள் அம்மா. "கணக்குக்கு உங்க பாவாவைத் தெரியாது. அவ்வளவுதான். அந்த ஒட்டுப்போட்டத எடுத்துட்டு எழுதுங்க. நூல் நிறுக்கப் போக வேண்டாம்."

அவன் என் பக்கம் வந்தான். அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கையிலிருந்த பக்கெட்டை வாங்கினான். மிச்சமிருந்த தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். நாகம்மா அவன் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள். எனக்கு அன்று சாயங்காலம் காப்பியும் வந்தது.

அவன் பட்டம் வாங்கினான். வாத்தியாராகவும் ஆனான். எந்த ஊர் என்று சொல்லக் கூடாது என்பது அவன் கட்டளை. ஏனென்றால் அங்கே பிள்ளைகள் கணக்கும் மீட்டரும் ஒத்துப்போகாமல் முழிக்கிற போதெல்லாம் இவன், "யாருக்காவது பாவா இருக்காரா பாருங்க" என்பானாம். எங்கள் வீட்டில் பால் திரிந்தாலும், கடிகாரம் நின்றாலும், டி.வி.யில் கோடு விழுந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான். பாவா வேலை. என் பேத்தி பள்ளிக்கூடத்தில் ஏதோ பரீட்சையில் ஒரு கேள்விக்குக் காரணம் தெரியாமல் 'பாவா வேலை' என்றே எழுதிவைத்துவிட்டு வந்துவிட்டாள். மாமனார் மட்டும் கடைசிவரை மாறவில்லை. "மாப்பிள நல்ல மனுசன்" என்பார். மோர் கேட்பதற்குப் பதிலாகச் சிரிப்பார். அது எனக்குப் போதும்.

போன கோடையில் என் மகன் விசைத்தறிக் கொட்டகை மேல் வரிசையாகச் சூரியத் தட்டு போட்டான். இப்போதெல்லாம் அப்பளம் இல்லை, எல்லாம் சதுரம். இழை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. பொருத்த வந்த கம்பெனிப் பெண் என்னிடம் பொறுமையாக விளக்கினாள்.

"தூசி படிஞ்சா கரண்டு கம்மியாயிடும் தாத்தா. அப்பப்ப தண்ணி ஊத்திக் கழுவணும்."

நான் நாகம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஒரு படித்த பெண் வாயால் வந்த வார்த்தை. நாகம்மா என்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"ஆனா காலைல வெயில் ஏர்றதுக்கு முன்னாடி ஊத்துங்க" என்றாள் அந்தப் பெண். "உச்சி வெயில்ல மட்டும் ஊத்திடாதீங்க. சூட்டுல கண்ணாடி விரிசல் விட்டுடும்."

"அத இவுருகிட்டயே இன்னொரு வாட்டி சத்தமா சொல்லும்மா" என்றாள் நாகம்மா.

அன்று சாயங்காலம் சேகர் போன் செய்தான். எப்படி இருக்கீங்க, முட்டிவலி எப்படி, ஒன்றும் கேட்கவில்லை.

"பாவா, பக்கெட்டு எங்க கீது?"

"உங்க அக்கா கட்டிலுக்கு அடியில."

"அப்பிடியா. அப்ப சரி" என்று நிம்மதியாக வைத்துவிட்டான்.

பாவம், அவன் சொம்பைப் பற்றிக் கேட்கவே இல்லை.